முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்களும் ஒரு நப்பின்னையும்

திங்கட்கிழமை காலை, செவ்வாய்க் கோளின் மூன்றாம் குமிழிக் குடியிருப்பில் வேலைக்குப் போகிறவர்களைக் காற்றறைக் கதவு ஒவ்வொருவராகப் படித்து, உரக்கச் சொல்லி உள்ளே விட்டுக்கொண்டிருந்தது.

"துரைப்பாண்டி. ஓ பாசிட்டிவ். தன்பால் நாட்டம். போகலாம். கலைமகள். பி நெகட்டிவ். நாட்டமிலி. போகலாம்."

யாருக்கும் கூச்சமில்லை. மணிக்கட்டுத் தோலுக்கடியில் அரிசி அளவில் பதித்த குறிமணியில் அவரவர் நாட்டப்பெயர், அதாவது யார்மேல் காதல் வரும் என்பதைச் சொல்லும் பெயர், இருக்கும். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள், எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதை. பூமியில் இதற்காகப் பெற்ற மகனையே வீட்டை விட்டுத் துரத்தினார்களாம் என்று சொன்னால் இங்கே பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும்.

அடுத்த ஆளிடம் மட்டும் கதவு தடுமாறியது. "நப்பின்னை. ஏ பாசிட்டிவ். நாட்டப்பெயர் நிலுவை. கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க."

நப்பின்னைக்கு முப்பத்திரண்டு வயது, காற்றுக்குழாய்ப் பொறியாளர். ஒதுங்கி நிற்பது அவளுக்குப் பழகிப்போன விஷயம்தான். ஆனால் இந்த வாரம் அது சரிப்படாது. பாசிப் பண்ணையில் வேலை பார்க்கும் செல்மாவும் அவளும் மூன்று வருடமாகக் காதலிக்கிறார்கள். செல்மாவை வடக்குக் குமிழிக்கு மாற்றி உத்தரவு வந்துவிட்டது. குடில் பதிவு வெள்ளிக்கிழமை மட்டும்தான் நடக்கும்; இந்த வெள்ளிக்கிழமை 'இருவர் குடில்' என்று சேர்ந்து வாழப் பதிவு செய்துவிட்டால் மாற்றம் ரத்து. குடில் வேண்டுமென்றால் இருவருக்கும் நாட்டப்பெயர் வேண்டும். இல்லாவிட்டால் இருவருக்கும் நடுவே எண்ணூறு கிலோமீட்டர் செம்மண்.

பெயர்ப் பிரிவு எழுத்தர் ஜெபராஜ் நல்ல மனிதர். அன்றே போய் நின்ற அவள் முன்னால் பட்டியலை விரித்தார்.

"இருபால் நாட்டம்னு போட்டுடவாம்மா?"

"பொய்யில்ல சார். ஆனா வேற யாருக்கோ தச்ச ஜாக்கெட் மாதிரி இருக்கு. இருபத்திரண்டு வயசுல ஒரு பையனைப் பிடிச்சிருந்துச்சு. அப்புறம் ஏழு வருஷம் யாரையுமே பிடிக்கல, அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப செல்மா."

"அப்ப விதி ஒன்பது இருக்கே. நீங்களே புதுசா ஒண்ணு எழுதிக்கலாம்."

'ஆளைப் பொறுத்து' என்று எழுதினாள். எழுதி முடித்ததும் நெஞ்சு லேசானது. இத்தனை வருடமும் இதற்காகவா ஒதுங்கி நின்றோம் என்று சிரிப்புக்கூட வந்தது.

வினையே அங்குதான் தொடங்கியது. புதுப் பெயரைப் பார்த்த மறுநாளே இரண்டாயிரம் பேர் அதற்கு மாறிக்கொண்டார்கள். ஆயிரம் பேரைத் தாண்டினால் சங்கம் வைக்கலாம். எந்தக் கிரகத்துக்குப் போனால் என்ன, நம் ஆட்கள் சங்கம் வைக்காமல் இருப்பார்களா? புதன்கிழமை கொடி வந்தது. வியாழக்கிழமை சங்கம் இரண்டாக உடைந்து, ஒன்றை ஒன்று போலி என்றது. சங்கம் வந்துவிட்டால் அதன் சான்றிதழ் இல்லாமல் பெயர் செல்லாது என்பது விதி பத்து.

வெள்ளிக்கிழமை பிற்பகல் நப்பின்னை சான்றிதழுக்குப் போய் நின்றாள். பெரிய பிரிவின் தலைவர் திருமேனி சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

"இதுவரைக்கும் எத்தனை பேரைப் பிடிச்சிருந்துச்சும்மா?"

"ரெண்டு பேரை."

"அடடா, குறைஞ்சது மூணுன்னு செயற்குழுவுல முடிவு பண்ணியிருக்கோமே."

"ஐயா, இந்தப் பேரை எழுதினதே நான்தான்!"

"அதுக்கு நன்றி தெரிவிச்சுத் தீர்மானம் போட்டிருக்கோம். நன்றி வேற, தகுதி வேற."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. நான்கு மணிக்கு அலுவலகத்தை மூடிவிடுவார்கள். ஓட்டமாக ஓடி ஜெபராஜ் முன்னால் போய் நின்றாள்.

"சார், ஒரே ஒரு ஆள் இருக்கிற பேருக்குச் சான்றிதழ் வேணுமா?"

"சங்கமே இல்லையே, யார்கிட்டப் போய் வாங்குவீங்க?"

"அப்ப எழுதுங்க. நப்பின்னை."

"அது உங்க பேரும்மா."

"என் நாட்டமும் அதுதான் சார். இதுக்கு மேல சரியாச் சொல்ல எனக்குத் தெரியல."

ஜெபராஜ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முத்திரை குத்தினார். குடில் பதிவானது. "இனிமே யார் வந்தாலும் இதைப் பிரிக்க முடியாது. போய்ப் பால் காய்ச்சுங்க" என்றார். செல்மா அலுவலக வாசலிலேயே நப்பின்னையைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை புதுக் குடிலில் பாசிப்பால் பொங்கிக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். வெளியே நாற்பது பேர். முன்னால் திருமேனி, தோளில் புதுச் சால்வை.

"அந்தச் சங்கத்திலேர்ந்து விலகிட்டோம்மா. அங்க எல்லாம் போலி. ரெண்டே நாள்ல ஆயிரத்து நூறு பேர் சேர்ந்தாச்சு. நாங்க எல்லாரும் இப்ப நப்பின்னை."

சொல்லிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு செல்மாவிடம் திரும்பினார்.

"நீங்க கூடவே இருக்கிறவங்க. மனசாட்சிப்படி சொல்லுங்க, இவங்க உண்மையான நப்பின்னைதானா?"

செல்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"எனக்கு இந்த ஆளு போதுங்க. பேரு வேணும்னா நீங்க எடுத்துட்டுப் போங்க."

சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனார்கள். பொழுது சாய்வதற்குள் நப்பின்னைகளுக்குள் தலைவர் தேர்தல் நடந்தது. தோற்றவர் தனிச் சங்கம் கண்டார்.