எண்ணூறில் நின்ற முள்

இன்ஜின் வந்து இறங்கியது ஒரு சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு. போசரியிலிருந்து டெம்போவில் போட்டு, தார்ப்பாய் சுற்றி, நாலு பேர் தூக்கி வந்து கிர்க்கியில் எங்கள் வீட்டுத் தகரக் கொட்டகையில் வைத்துவிட்டுப் போனார்கள். ஜூலை மாதம். புனேயில் ஜூலை மழை நிற்காது, பெரிதாகக் கொட்டவும் கொட்டாது. நாள் முழுக்க ஈரத்தைத் தூவிக்கொண்டே இருக்கும். தார்ப்பாயைப் பிரித்ததும் ஒரு வாசம் வந்தது. பழைய ஆயில் வாசம் எனக்குப் பழக்கம். இது வேறு. பல நாள் பூட்டிக் கிடந்த படுக்கையறையைத் திறந்தால் வருமே, அந்த அடைபட்ட காற்றின் வாசம்.

இரும்பில் எப்படி அந்த வாசம் வரும் என்று நான் யோசிக்கவில்லை.

என் பெயர் மெர்வின். சாகணில் ஒரு கார் கம்பெனியில் பதினெட்டு வருடமாக இன்ஜின் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். புது இன்ஜினை ஓடவிட்டு, ஐட்லிங் சரியாக நிற்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஐட்லிங் என்றால் பெரிய சமாச்சாரம் இல்லை. ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமல் இன்ஜின் தானாக, அமைதியாக ஓடிக்கொண்டிருப்பது. அதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அந்தத் தலைக்கனம்தான் இவ்வளவுக்கும் காரணம், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்களிடம் இருந்தது தொண்ணூற்றெட்டு மாடல் சிவப்புக் கார். அதன் சொந்த இன்ஜின் புகை கக்கிப் படுத்துவிட்டது. அதே காரின் பெரிய மாடலில் வரும் நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினைத் தேடி அலைந்து, போசரியில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் பக்தவத்சலத்திடம் பிடித்தேன். ஆரணிக்காரர். முப்பது வருடமாக இங்கே இருக்கிறார். நன்றாக ஓடுகிற இன்ஜின் என்று அடித்துச் சொன்னார். அப்படியானால் ஏன் இத்தனை நாள் விலை போகாமல் மூலையில் கிடந்தது என்று நானும் கேட்கவில்லை, அவரும் வாயைத் திறக்கவில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமை மாய்ந்து மாய்ந்து அதைக் காருக்குள் உட்கார வைத்தேன். சாவியைத் திருப்பியதும் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. பிறகு குலுங்க ஆரம்பித்தது. குளிர்காய்ச்சல் வந்தவன் கட்டிலோடு சேர்ந்து நடுங்குவானே, அப்படி. நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று பார்க்க இன்ஜினோடு வயர் மாட்டி வைத்திருந்த மீட்டரின் முள் அறுநூறுக்கும் தொள்ளாயிரத்துக்கும் நடுவே அலைந்தது. ஸ்டீயரிங், கண்ணாடி, கதவு எல்லாம் தடதடவென்றன.

என் மனைவி ஆஷா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, சாகணில் கையெழுத்துப் போடுகிற பெரிய மனுஷன் வீட்டு வண்டி இப்படியா ஆடும் என்று சிரித்தாள். அவள் கேலியாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அன்றிலிருந்து விடவில்லை. பிளக் நாலையும் மாற்றினேன். பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். காற்று கசிகிறதா என்று ரப்பர் குழாய் ஒவ்வொன்றையும் தடவினேன், சந்தேகப்பட்டதை எல்லாம் புதிதாகப் போட்டேன். நாலு சிலிண்டரிலும் அழுத்தம் சரியாக இருந்தது. இன்ஜின் உட்காரும் ரப்பர் கட்டைகளும் புதியவை. எல்லாம் சரி. ஆனாலும் குலுங்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆஷா டீ கொண்டு வந்தாள். சாரல் கொட்டகைக்குள் அடித்ததால் காரின் இடது முன் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து, கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

குலுக்கல் நின்றது.

முள் எண்ணூறில் நின்றது. ஆணி அடித்த மாதிரி. பதினெட்டு வருடத்தில் அப்படி ஓர் ஐட்லிங்கை நான் பார்த்ததில்லை. ஐந்து நிமிடம் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். தலை வலிக்கிறது என்று ஆஷா இறங்கினாள். உடனே மறுபடி தடதடவென்று ஆட ஆரம்பித்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆள் கனத்தில் தரைத்தகடு அமுங்கி, எங்கோ விட்டுப்போன எர்த் வயர் தொடுகிறது என்று நினைத்தேன். ஒரு சிமெண்ட் மூட்டையைத் தூக்கி அந்த இருக்கையில் வைத்தேன். குலுங்கியது. நானே உட்கார்ந்து பார்த்தேன். குலுங்கியது. யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இன்ஜினுக்கு எப்படித் தெரியும்? அந்த இடத்திலேயே நான் பயந்திருக்க வேண்டும். கதவைச் சரியாகச் சாத்தாமல் உட்கார்ந்திருப்பேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். எந்தக் கோளாறையும் மூன்று தடவை செய்து காட்டினால்தான் கண்டுபிடித்ததாக எழுதலாம். வெள்ளிக்கிழமை நடந்தது ஒன்று. சனிக்கிழமை ஆஷாவைப் பத்து நிமிடம் உட்கார வைத்தேன். முள் எண்ணூறில் நின்றது. வெளியே வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. காரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"உள்ள காத்தே இல்லங்க. பக்கத்துல யாரோ இருந்து எல்லாத்தையும் இழுத்துக்கிட்ட மாதிரி இருக்கு."

கண்ணாடி ஏற்றியிருந்தால் அப்படித்தான் இருக்கும் என்றேன். இன்னும் ஒரே ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை, ஏசி போட்டு இருபது நிமிடம், அதோடு முடிந்தது என்று கெஞ்சினேன். சர்ச் முடிந்து வந்ததும் விடைத்தாள் கட்டையும் சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். மடியில் வைத்துத் திருத்த ஆரம்பித்தாள். என் பிடிவாதத்துக்காகத்தான் உட்கார்ந்தாள். 

மணி பன்னிரண்டு. வெளியே மேகம் இறங்கி, கொட்டகைக்குள் விளக்குப் போடும் அளவுக்கு இருட்டு. கொட்டகைக்கு முன்பக்கம் கதவே கிடையாது. சைலன்சர் வாயில் நீளக் குழாய் மாட்டி, புகையை மதிலுக்கு வெளியே விட்டிருந்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு எல்லோரும் புகை என்றுதான் சொன்னார்கள்.

பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டால் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் தெரியமாட்டார். நான் மீட்டரை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடம், எண்ணூறு. என்ன ஆஷா, சரியா இருக்கியா என்று குரல் கொடுத்தேன். ம் என்றாள். பத்து நிமிடம், எண்ணூறு. கேட்டேன். ம் என்ற மாதிரி இருந்தது. பதினைந்தாவது நிமிடம் கேட்க மறந்துவிட்டேன். அவ்வளவு அழகாக ஓடியது.

நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் வைத்தால் உள்ளே நடப்பது அத்தனையும் கேட்கும். எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். நானும் வைத்தேன்.

வால்வு சத்தம். செயின் சத்தம்.

அதற்கும் அடியில், மூச்சு.

உள்ளே இழுத்து, வெளியே விடும் மூச்சு. இன்ஜின் நிமிடத்துக்கு எண்ணூறு சுற்று சுற்றுகிறது. இது மெதுவாக, தூங்குகிறவர் விடுவதுபோல வந்தது. கூடவே இன்னொன்று. அது திணறியது. கொஞ்சம் கொஞ்சமாக முதல் மூச்சு பெரிதாகி, இரண்டாவது சிறுத்தது.

 காதை எடுக்க முடியவில்லை.

"ஏங்க... கதவத் தொறங்க."

ஆஷாவின் குரல். காருக்குள்ளிருந்து அது வரவில்லை. ஸ்குரூ டிரைவர் வழியாக, இரும்புக்குள்ளிருந்து வந்தது.

ஸ்குரூ டிரைவரைப் போட்டுவிட்டு ஓடினேன். கண்ணாடி முழுக்க உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. அதற்குப் பின்னால் ஆஷா நேராக உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்திருந்தது. உதடு நீலம். கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. கதவு திறக்கவில்லை. வீல் ஸ்பேனரால் கண்ணாடியை உடைத்து, கையை விட்டுப் பூட்டை எடுத்து, அவளை இழுத்து வெளியே போட்டேன். விடைத்தாள்கள் ஈரத்தில் சிதறின.

ஆண்டவரே, ஆண்டவரே என்று கத்தினேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அவள் ஒரு மூச்சு இழுத்தாள். அவ்வளவு நீளமான மூச்சை நான் கேட்டதில்லை. பிறகு என் பக்கம் திரும்பாமல், கொட்டகைக்கு வெளியே கையை நீட்டி மழையைப் பிடித்தாள். சிரித்தாள்.

அப்போதுதான் கவனித்தேன். இருக்கை காலி.

இன்ஜின் குலுங்கவில்லை. முள் எண்ணூறிலேயே நின்றது.

ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பி அணைத்தேன். கோளாறு சரியாகிவிட்டது என்பது மண்டையில் எங்கோ ஏறியது. எப்படிச் சரியானது என்று அந்த நேரத்தில் யார் யோசிப்பார்கள்?

ஆஷாவின் தம்பி அலன் விமான் நகரிலிருந்து விழுந்தடித்துக்கொண்டு வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். புகை உள்ளே போயிருக்கிறது, நல்லவேளை பிழைத்தார் என்றார் டாக்டர். ஒரு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். அக்கா முன்னைவிடத் தெம்பாக இருக்கிறாள் என்று அலன் சொன்னான். அது நிஜம். மாடிப்படி ஏறினால் மேல்மூச்சு வாங்குகிறவள் இப்போது நிற்காமல் ஏறினாள். சமைத்தாள். பள்ளிக்கூடம் போனாள். ஆனால் வீட்டில் ஒரு ஜன்னலைச் சாத்த விடவில்லை. மழை உள்ளே அடித்துப் படுக்கை நனைந்தது. ஈர மெத்தையில் கண்ணைத் திறந்துகொண்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு படுத்திருந்தாள். செத்துப் பிழைத்தவளுக்குக் காற்று மேல் ஆசை இருக்காதா என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

கொட்டகைப் பக்கம் கையைக் காட்டி ஒன்றை மட்டும் தினமும் சொன்னாள். காலையில் டீ கொடுக்கும்போது, சாப்பாடு போடும்போது, நான் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது.

"அத வெளிய அனுப்பிருங்க."

பக்தவத்சலத்தைப் பார்த்துச் சண்டை போடப் போனேன். அவர் முகம் இறுகிவிட்டது. முதலில் மழுப்பினார். என் மனைவி அந்த இருக்கையில் மூச்சுமுட்டிக் கிடந்ததைச் சொன்னதும், கையைக் கூப்பிவிட்டு எல்லாவற்றையும் கொட்டினார். அந்த இன்ஜின் இருந்த காரில் ஒரு பெண், மூடின கேரேஜுக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு, இடது முன் இருக்கையில் புருஷனுக்காகக் காத்திருந்து அப்படியே தூங்கிப் போனாளாம். மறுநாள் கதவைத் திறந்தபோது பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் நின்றிருந்தது. அவளும்.

"அதுக்கப்புறம் யார் எடுத்துனு போனாலும் ஒரே வாரம் சார். ஐட்லிங் நிக்கலன்னு கொண்டாந்து போட்டுடுவாங்க. யாரும் பொம்பளய ஒக்கார வச்சிப் பாக்கல."

 பணம் வேண்டாம், நீங்களே எடுத்துப் போய் உடைத்து உலையில் போட்டுவிடுங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு டெம்போ அனுப்புவதாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து ஆஷாவிடம் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் கை குளிர்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை இன்ஜினைக் கழற்றிச் செயினில் தூக்கி, கொட்டகைத் தரையில் ஒரு பழைய டயர் மேல் இறக்கினேன். ஆயிலை வடித்தேன். பேட்டரி இல்லை, பெட்ரோல் இல்லை, ஒரு வயர்கூட அதில் இல்லை. வெறும் இரும்பு. மணி பத்தே முக்கால். மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. வீட்டுக்குள் ஆஷா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

வேலை முடிந்ததும் கடைசியாக ஒருமுறை காது வைத்துப் பார்ப்பது என் கைப்பழக்கம். வேண்டுமென்று செய்யவில்லை. ஸ்குரூ டிரைவரை ஊன்றிக் குனிந்தேன்.

ஒன்றுமில்லை.

நிமிரப் போனேன்.

மூச்சு.

ஒரே மூச்சு. மிகச் சன்னமாக, திணறித் திணறி.

"ஏங்க... எவ்வளவு நேரமாக் கூப்பிடுதேன். காத்தே இல்லங்க. இருபது நிமிஷம் இன்னும் ஆகலியா?"

 ஆஷா, ஆஷா என்று இரும்பைக் கட்டிப் பிடித்துக் கூப்பிட்டேன். உள்ளே இருப்பவளுக்குக் கேட்டதா தெரியவில்லை. கதவத் தொறங்க, கதவத் தொறங்க என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள். கண்ணீரும் ஆயிலும் கன்னத்தில் ஒன்றாக வழிந்தன. எந்தக் கதவைத் திறப்பேன்?

வாசலில் டெம்போ வந்து நின்றது. ஹார்ன் அடித்தான்.

வீட்டுக்குள் பாத்திரச் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. என் முதுகுக்குப் பின்னால் யாரோ நீளமாக மூச்சு இழுத்து விட்டார்கள். ஈரக் காற்று பிடரியில் பட்டது. திரும்பினேன். முந்தானையில் கையைத் துடைத்தபடி அவள் நின்றாள். என்னைப் பார்த்தாள். என் காதோரம் இருந்த ஸ்குரூ டிரைவரைப் பார்த்தாள். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி விசாரிப்பதுபோல, மெதுவாகக் கேட்டாள்.

"என்ன சொல்லுதா?"