விடுபட்ட ஒருத்தி

செம்பாக்கம் ஏரியை ஒட்டிய தெருவில் சாம்பசிவனின் வீட்டை ஈவ்லின் கண்டுபிடித்தபோது பிற்பகல் மூன்று மணி. பெரியவர்களின் வாழ்க்கைக் கதையை அவர்கள் குரலிலேயே பதிவுசெய்து, பேரப்பிள்ளைகளுக்காக இணையத்தில் ஏற்றிவைப்பது அவள் வேலை. எழுபத்தாறு வயது சாம்பசிவனுக்காக, வெளிநாட்டில் இருக்கும் மகள் இந்த ஏற்பாட்டைச் செய்திருந்தாள்.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஈவ்லின் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மைக்கை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"கூடப் பிறந்தவங்க யாராவது உண்டா சார்?"

"இல்லம்மா. எங்க வூட்ல நான் ஒரே புள்ள."

ஹெட்ஃபோனில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அவர் இல்லை. அவளும் இல்லை.

பதிவை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டிக் கேட்டாள். 'ஒரே புள்ள' என்ற சொல்லுக்குப் பிறகு, மைக்குக்கு மிக அருகில், ஒரு சிறுமியின் குரல்.

"அண்ணா... அப்ப நானு?"

அறையில் சேற்று வாடை எழுந்தது. ஈவ்லின் ஹெட்ஃபோனைக் கழற்றி அவர் காதில் வைத்து, அந்த இடத்தை ஓடவிட்டாள்.

சாம்பசிவன் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சிம்மா," என்றார் மெதுவாக. "எனக்கு எட்டு வயசு, அவளுக்கு அஞ்சு. அல்லி பறிக்க ஏரிக்குக் கூட்டினு போனேன். கையை வுட்டுட்டேன். அதுக்கப்புறம் அவ பேரையே வூட்ல எடுக்கக் கூடாதுன்னுட்டாரு அப்பா."

"அவங்க பேர் என்ன சார்?"

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"மறந்துட்டேம்மா." அவர் உடைந்து அழுதார். "அவளைத் தெரிஞ்சவங்க இப்ப யாருமே இல்ல. நானும் மறந்துட்டேன்."

ஹெட்ஃபோன் இன்னும் அவர் காதில்தான் இருந்தது. சட்டென்று அழுகையை நிறுத்தினார். தலையைச் சாய்த்து எதையோ கேட்டார்.

"பட்டு," என்றார். "பட்டும்மா அவ பேரு."

கணினியில் பதிவு எதுவும் ஓடவில்லை.

அன்று மாலையே ஈவ்லின், அவர் சம்மதத்துடன், பட்டுவுக்கும் இணையதளத்தில் ஒரு பக்கம் தொடங்கினாள். பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு.

மறுநாள் காலையில் இறந்த ஆண்டு அழிந்திருந்தது. மறுபடி நிரப்பினாள். மதியத்துக்குள் காலி. பாஸ்வேர்டு அவளிடம் மட்டுமே இருந்தது.

சாம்பசிவனுக்கு ஃபோன் செய்தாள்.

"வுட்டுரும்மா," என்றார் அவர். குரலில் பயமே இல்லை. "அவ இங்கதான் கீறா."

இறந்த ஆண்டு காலியாக இருந்தால், இன்றைய வயதைத் தளமே கணக்கிட்டுக் காட்டும். பட்டுவுக்கு எழுபத்து மூன்று என்று காட்டியிருக்க வேண்டும்.

ஈவ்லின் திரையைப் பார்த்தாள்.

வயது: 5.