குதிகால் மின்சாரம்

குதிகாலில் ஆணி அடித்தது போல வலி. பேச்சித்தாய் விடிந்ததிலிருந்து நுனிக்காலிலேயே நடந்துகொண்டிருந்தாள். கெண்டைச்சதை இழுத்துப் பிடித்தது. இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துப் பார்த்தாள். ஒன்பது சதவீதம். மதியச் சங்கு ஊத இன்னும் நிறைய நேரம் கிடந்தது.

நடந்தால் சார்ஜ் ஏறும். துறைமுகத்தில் கொடுத்த பூட்ஸின் குதிகாலுக்கு அடியில் மின்சுருள் இருக்கிறது. குதிகால் தரையில் அழுந்தும்போதெல்லாம் ஒரு துளி மின்சாரம் போனுக்குப் போய்ச் சேரும். நுனிக்காலில் நடப்பவளுக்கு எதுவும் சேராது. வேறு வழியில் ஏற்றவும் முடியாது. கம்பியில் வருவது இயந்திரங்களுக்கே போதவில்லை, ஆட்கள் அவரவர் போனை அவரவர் காலால் ஓட்டிக்கொள்ளட்டும் என்று சட்டம் வந்து பல வருடம் ஆகிவிட்டது.

தூத்துக்குடி பெட்டிக்களத்தில் கண்டெய்னர்களைத் தூக்குவதும் அடுக்குவதும் ஓட்டுநர் இல்லாத தூக்கிகள். வேலைக்காரர்கள் அவற்றை எருமை என்பார்கள். துருப்பிடித்த மூலைப்பூட்டுகளை அடித்துக் கழற்றுவதுதான் மனிதருக்கு மிச்சமான வேலை. முதலில் எருமைகளுக்குக் கேமரா இருந்தது. உப்புக்காற்றில் கண்ணாடி பூத்துப் பூத்து, செலவு தாளாமல் கழற்றிவிட்டார்கள். இப்போது அவை போன் விடும் இருப்பொலியைக் கேட்டுத்தான் நிற்கின்றன. போன் உயிரோடிருந்தால் அங்கே ஓர் ஆள். அணைந்துவிட்டால் வெறும் தரை.

அதனால் இங்கே யாரும் போனில் பாட்டுக் கேட்பதில்லை. வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் பேச்சை இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். வேலை நடுவில் வெளியேறினால் ஒரு வாரத்துக்குத் துறைமுக வாசல் திறக்காது. பேச்சித்தாய் போன மாதம்தான் அப்படி ஒரு வாரம் வீட்டில் கிடந்தாள். இன்னொரு வாரம் என்றால் அடுப்பு எரியாது.

பெட்டி அடுக்குகளுக்கு நடுவே அதே சந்தில் வேலை பார்த்த பிரகாசி அவளைவிடப் பத்து வயது இளையவள். பேச்சித்தாயின் போன் பழையது. பேட்டரி உப்பி முதுகு புடைத்திருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம், எத்தனை மாசம், சீமந்தம் எப்போது என்று பிரகாசி கேட்பாள். இன்றும் கேட்க வாயெடுத்தவள், பேச்சித்தாய் நொண்டுவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"முதுகு தாரேன், வாங்க யக்கா."

இரண்டு போன்களை முதுகோடு முதுகாக ஒட்டினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சார்ஜ் இறங்கும். நிர்வாகம் தடை செய்திருந்தது. ஆனாலும் களத்தில் எல்லோரும் செய்தார்கள். அதற்கு ஒரு முறையும் இருந்தது. கொடுப்பவள் தன் திரையைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் கொடுத்ததை எண்ணியதாகிவிடும். போதும் என்று வாங்குகிறவள்தான் சொல்லவேண்டும்.

பிரகாசி முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பேச்சித்தாய் தன் திரையில் எண் ஏறுவதைப் பார்த்தாள். பதினைந்து வந்ததும் சொல்ல நினைத்தாள். குதிகால் சுண்டியது. இருபதைத் தாண்டிய பிறகுதான், "போதும்ட்டி" என்றாள்.

"நம்ம போன்ல நெறைய கெடக்கு" என்று சொல்லிவிட்டு, பிரகாசி பார்க்காமலே போனை இடுப்பில் செருகிக்கொண்டு சந்தின் மறுமுனைக்குப் போனாள். காலையில் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு கூப்பிட்டதையும், தான் வெகுநேரம் சமாதானம் சொன்னதையும் அவள் மறந்திருந்தாள்.

பேச்சித்தாய் நான்காவது பூட்டில் இருந்தபோது எருமையின் இரைச்சல் கேட்டது. தலையை நிமிர்த்தினாள். பிரகாசி குனிந்து சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தாள். அவள் இடுப்புப் போனில் எப்போதும் எரியும் பச்சைப் பொட்டைக் காணோம். அணையுமுன் போன் அதிர்ந்திருக்கும். சுத்தியல் அதிர்வில் அவளுக்குத் தெரிந்திருக்காது.

எருமை வேகம் குறைக்காமல் சந்துக்குள் திரும்பியது.

பேச்சித்தாய் ஓடினாள். நுனிக்காலில் ஓட முடியாது. குதிகால் முழுக்க ஊன்றி, ஒவ்வோர் அடிக்கும் பல்லைக் கடித்து ஓடினாள். எருமை அவளைக் கேட்டது. பிரேக் கிறீச்சிட்டது. நின்றபோது முன்சக்கரம் பிரகாசியின் இடது பாதத்தின் மேல் ஏறி இறங்கியிருந்தது.

பிரகாசியை அக்குளில் கைகொடுத்து இழுத்து அடுக்கின் ஓரமாகக் கிடத்தினாள். பூட்ஸுக்குள் பாதம் என்று சொல்ல எதுவும் இல்லை. பேச்சித்தாய் சேலை முந்தானையைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினாள். போனில் மீட்பு வண்டியைக் கூப்பிட்டாள். அது வரும். ஆனால் இருப்பொலி இல்லாத உடம்புக்கு அதன் கதவு திறக்காது.

இரண்டு போன்களையும் முதுகு சேர்த்துப் பிடித்தாள். பிரகாசியின் திரை கறுப்பாகவே கிடந்தது. செத்த போன் எழுந்திருக்க அதிகம் குடிக்கும். தன்னுடையது மளமளவென்று இறங்குவதைப் பார்த்தாள். அதுவும் அணைந்தால், நிற்கிற எருமை மறுபடி நகரும். பின்னால் இன்னொன்று வரும் சத்தமும் கேட்டது.

பேச்சித்தாய் நின்ற இடத்திலேயே குதிகாலைத் தரையில் ஓங்கி மிதிக்கத் தொடங்கினாள். மறுபடியும், மறுபடியும். கண்ணில் நீர் தள்ளியது. மிதிப்பதை நிறுத்தவில்லை.

பிரகாசி கண்ணைத் திறந்து பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது.

"என்ன யக்கா... கோயில் கொடைக்கா ஆடுதிய?"

"பேசாமக் கெடட்டி."

பிரகாசியின் போனில் பச்சைப் பொட்டு எரிந்தபோது மீட்பு வண்டி சந்துமுனையில் நின்றிருந்தது. கதவு திறந்தது. வண்டியோடு வந்த ஆள் கையிலிருந்த பலகையைப் பார்த்துவிட்டு, எருமை எந்த ஆள்மீதும் ஏறியதாகப் பதிவில்லை, அந்த நேரத்தில் இந்தச் சந்தில் ஒரே ஓர் ஆள்தான் இருந்திருக்கிறாள் என்றார். பதிவு இல்லாவிட்டால் வைத்தியத்துக்குத் துறைமுகம் பொறுப்பில்லை.

"நான் அவகிட்ட முதுகு வாங்குனேன். அதான் அணைஞ்சுது. அவளும் இங்கதான் இருந்தா. எழுதிக்கிடுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எழுதுனா ரெண்டு பேருக்கும் இனி வாசல் கெடையாதும்மா."

"அவ இனி எந்தக் கால வச்சு வாசலுக்கு வரப்போறா? எழுதுங்க."

அவர் எழுதினார். வண்டி போனது. பேச்சித்தாய் தரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள். குதிகால் கறுத்து வீங்கியிருந்தது. வாங்கிய சார்ஜைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பிரகாசிக்கு ஒரு கால் பாக்கி.