ஒன்பதாம் பாடம் வேண்டாம்

ஜூன் மாத முதல் திங்கள்கிழமை வந்தால் ஏழாம் பிளாக்கில் வேதவல்லியைக் கையில் பிடிக்க முடியாது. வருடம் முழுக்க எந்த வீட்டுக்குள் நுழைவதற்கும் அவளுக்கு ஒரு சாக்கு வேண்டும். அந்த ஒரு வாரம் மட்டும் அரசாங்கமே சாக்குக் கொடுத்தது. கையில் ஒப்பப்பலகை, கழுத்தில் அடையாள அட்டை. 'பாட ஒப்பம் வாங்க வந்திருக்கேன்' என்று வாசலில் நின்றால் யாரும் கதவைச் சாத்த முடியாது. முதலில் தண்ணீர் கேட்பாள். தண்ணீர் குடிக்க உட்காருவாள். எழுந்திருக்கும்போது அந்த வீட்டுச் சமையல்கட்டில் எத்தனை டப்பா மூடியில்லாமல் இருக்கிறது என்பது வரை தெரிந்திருக்கும்.

பள்ளிப் பிள்ளைகள் அறிவியலில் எதைப் படிக்க வேண்டும், அதை யார் முடிவு செய்வது என்று நாடு முப்பது வருடம் அடித்துக்கொண்டு, கடைசியில் எல்லோரும்தான் என்று ஒரு சட்டம் போட்டு ஓய்ந்துவிட்டது. பத்தாம் வகுப்பு அறிவியலில் பதினான்கு பாடங்கள். பிளாக்கில் ஒவ்வொரு வீடும் ஏதாவது ஒரு பாடத்தை, மனதுக்கு ஒப்பவில்லை என்றால், நிறுத்தலாம். பலகையில் இரண்டே பொத்தான்கள்: 'இருக்கட்டும்', 'வேண்டாம்'. ஒரு வீடு வேண்டாம் என்றால் போதும், அந்த வருடம் அந்தப் பிளாக் பள்ளியில் அந்தப் பாடம் கிடையாது. பதினெட்டு வயதுவரை பிள்ளைகளின் கைத்திரைகளும் அதைக் காட்டாது. காரணம் கேட்கக்கூடாது. எந்த வீடு எதை நிறுத்தியது என்பது ஒப்பம் வாங்குகிறவருக்கு மட்டும் தெரியும். வெளியே சொல்ல மாட்டேன் என்று அவர் சத்தியம் செய்திருக்க வேண்டும்.

வேதவல்லி சத்தியத்தை மீறியதே இல்லை. புருவத்தை மட்டும் தூக்குவாள். மீதியைக் கேட்கிறவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

காரணம் கேட்கக்கூடாதுதான். ஆனால் காரணத்துக்குக் கால் முளைத்து அதுவாகவே வெளியே வந்தால் அவள் என்ன செய்வாள்? நாலாம் மாடி பி வீட்டில் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஓ ரத்தம். பையனுக்கு பி. அவர்கள் மரபணுப் பாடத்தை வேண்டாம் என்றார்கள். கீழே ஒன்று சி வீட்டில் பெண் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள்; அப்பாவுக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ் என்பது மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாது. அங்கே சிறுநீரகம் போயிற்று. ஐந்து ஏ வீட்டார் ஒளியியலை நிறுத்தியதற்கு ஒரே காரணம், எதிரே ஐந்து பி வீட்டார் அதை 'இருக்கட்டும்' என்று சொன்னதுதான். இரண்டு சி வீட்டுக் கலியபெருமாள் முப்பது வருடமாகப் பிளாக்குக்கு மின்பணியாளர். அவர் போன ஐந்து வருடமாக மின்சாரத்தை நிறுத்திவந்தார். "அவருக்கே தெரியாததைப் பசங்க கத்துக்கிட்டா மானம் போயிடுமே" என்பது வேதவல்லியின் முடிவு. அதை அவள் மூன்று வீட்டில் சொல்லியும் வைத்திருந்தாள்.

அந்த வருடம் அவள் மகள் இளவேனில் பத்தாம் வகுப்பு. திங்கள் சாயங்காலம் ஒப்பப்பலகையிலிருந்து வாசல் அறிவிப்புத் திரைக்குப் போன பட்டியலைப் பார்த்துவிட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"ஆறுதாம்மா மிஞ்சுது."

"எது?"

"பாடம். ஏழு இருந்தாத்தான் மேல்நிலை அறிவியல் தருவாங்க. ஆறுன்னா நேரா பொதுப் பிரிவு. கதவு காக்கணும், இல்ல பொட்டி தூக்கணும்."

"யார்கிட்டயாவது கேட்டா மாத்திப் போடுவாங்க. வெள்ளிக்கிழமை ஆறு மணி வரைக்கும் டைம் இருக்குல்ல."

"ஒன்பதாம் பாடத்தை யாரும்மா நிறுத்தினாங்க?"

வேதவல்லி மோர்க் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய கிண்ணத்தையே திரும்பக் கழுவினாள்.

"வெப்பமும் உடலும்மா. வருஷத்துல நூறு நாள் செவ்வெயில் சங்கு ஊதுது, எல்லாரும் குளிர்கூடத்துக்கு ஓடறோம். அதைப் படிக்க வேணாம்னு எந்த மூளைக்குத் தோணும்? சொல்லும்மா, நான் போய்க் கால்ல விழறேன்."

"சொல்லக்கூடாதுடி."

"புருவத்தையாவது தூக்கு."

ஊருக்கெல்லாம் தூக்கிய புருவம் அன்றைக்கு ஏறவில்லை. "ரெண்டு சி" என்று மட்டும் சொன்னாள்.

ஒன்பதாம் பாடத்தை நிறுத்தியது மூன்று ஏ. அது வேதவல்லியின் வீடு.

ஒப்பம் வாங்குகிறவருக்கு முழுப் புத்தகமும் தருவார்கள். கையில் கிடைத்ததைப் படிக்காமல் வைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. முதல் வருடமே ஒன்பதாம் பாடத்தில் ஓர் அட்டவணையைப் பார்த்தாள். ஒரு பக்கம் ஈரவெப்பம், அதாவது காற்றின் சூடும் ஈரமும் சேர்ந்த எண். மறுபக்கம், மின்விசிறி இல்லாத மூடிய அறையில் அசையாமல் படுத்திருக்கும் உடல் எத்தனை மணி நேரம் தாங்கும் என்ற எண். விரல் வைத்துப் பார்த்தாள். அவளுக்கு வேண்டிய வரியில் மூன்று என்று இருந்தது.

அதற்கு முந்தைய வருடம் ஒரு செவ்வெயில் நாளில் அவள் புருஷன் சற்குணம் கால் முறிந்து மாவுக்கட்டோடு படுக்கையில் கிடந்தான். லிப்ட் பழுது. ஈரத் துண்டைப் போட்டு, மின்விசிறியை வைத்துவிட்டு, மகளை மட்டும் கூட்டிக்கொண்டு குளிர்கூடத்துக்கு இறங்கினாள். பன்னிரண்டு மணிக்குப் பிளாக்கில் மின்சாரம் போனது. கூடத்துத் திரையில் சிவப்பு எழுத்தில் போட்டார்கள். பார்த்தாள். 'இப்ப வந்துடும்' என்று நினைத்தாள். அன்றைக்குத்தான் நாலாம் மாடிப் பையனின் ரத்தப் பிரிவு விஷயம் முதல்முதலாக வெளியே வந்திருந்தது. இரண்டு மணிக்கு, கேரம் ஆடிக்கொண்டிருந்த ஒன்பது வயது இளவேனில் வந்து முந்தானையை இழுத்து, "போலாமா, அப்பா தனியா இருப்பாரு" என்றாள். "இருடி, ஒரு நிமிஷம்" என்றாள் இவள். அந்த நிமிஷம் முடியும்போது மணி நாலு பத்து.

இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். எல்லா இதயமும் கடைசியில் நிற்கத்தானே செய்கிறது. பன்னிரண்டும் மூன்றும் பதினைந்து. பதினைந்து என்றால் மூன்று மணி. இரண்டு மணிக்கு முந்தானையை இழுத்த குழந்தைக்கு இந்தக் கூட்டலைப் போடப் பத்தாம் வகுப்புகூட வேண்டாம். அந்த அட்டவணை மட்டும் கையில் கிடைக்கக்கூடாது.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் வேதவல்லி மற்ற வீடுகளில் மன்றாடினாள். ஒன்று சி வீட்டம்மா, "முதல்ல நிச்சயம் முடியட்டும்க்கா" என்றாள். நாலு பி வீட்டார் கதவையே திறக்கவில்லை. ஐந்து ஏ வீட்டார், எதிர்வீட்டுக்காரர் முதலில் மாற்றட்டும் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை செவ்வெயில். சாயங்காலம் ஐந்து மணிக்குக் குளிர்கூடத்தின் மூலையில் அவள் பலகையோடு உட்கார்ந்திருந்தபோது கலியபெருமாள் வந்து எதிரே உட்கார்ந்தார்.

"பாப்பா வந்துச்சும்மா. ஒன்பதாம் பாடத்தை விட்டுக்குடுங்க மாமான்னு அழுதுச்சு."

வேதவல்லி பலகையைத் துடைத்தாள்.

"நான்தான் நிறுத்தினேன், மன்னிச்சுக்கோ பாப்பான்னு சொல்லி அனுப்பிட்டேன். நான் நிறுத்தினது அது இல்லன்னு எனக்குத் தெரியும். அப்ப யாருன்னும் தெரிஞ்சுபோச்சு."

"அண்ணே..."

"நான் ஏன் மின்சாரத்தை நிறுத்தறேன்னு என்னென்னமோ சொல்றியாமே. காதுல விழுந்துச்சு." அவர் சிரித்தார், ஆனால் சத்தம் வரவில்லை. "அன்னிக்குப் போன லைன் பத்து நிமிஷ வேலைம்மா. மாடிக்கு ஏறணும். அந்த வெயில்ல யார் ஏறுவான்னு அஞ்சு மணி வரைக்கும் இதே கூடத்துல படுத்திருந்தேன். அந்தப் பாடத்துல பதினோராம் பக்கம் அந்த வேலை அப்படியே போட்டிருக்கான், படத்தோட. என் பேரன் படிச்சா, 'தாத்தா, இவ்ளோதானா?'ன்னு கேப்பான்."

கூடத்தில் இருந்தவர்கள் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறு வருடமாக அவர்கள் அப்படித்தான் பார்க்காமல் இருந்தார்கள் என்பது வேதவல்லிக்கு அப்போதுதான் உறைத்தது. சற்குணம் எப்படிப் போனான் என்று பிளாக் முழுக்கத் தெரிந்த சேதி, அவள் காதுக்கு மட்டும் வரவே இல்லை.

"யாராவது ஒருத்தர் போட்டாப் போதும்ணே. ஏழு ஆயிடும்."

"ஆமா. ஒருத்தர் போட்டாப் போதும்."

பலகை இருவருக்கும் நடுவில் கிடந்தது. அவர் விரலை நீட்டி, பொத்தானுக்கு மேலே வைத்து, மடக்கிக்கொண்டார். அவள் நீட்டினாள். 'இருக்கட்டும்' என்ற எழுத்துக்கு மேல் விரலைக் கொண்டுபோய், பலகையின் ஓரத்தைத் துடைத்தாள். அவர் போடுவார் என்று அவளும், பெற்றவளாயிற்றே, இவள் போடுவாள் என்று அவரும் காத்திருந்தார்கள். ஐந்தரை ஆயிற்று. ஐந்தே முக்கால். கேரம் ஆடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆறு மணிக்குப் பலகை தானாக அணைந்தது.

இளவேனில் அழவில்லை. "ரெண்டு சி மாமா பாவம்மா, அவருக்கு என்ன கஷ்டமோ" என்றாள். அதற்கு அழுதிருக்கலாம்.

இரண்டு வருடம் கழித்துப் பொதுப் பிரிவு அவளுக்கு ஒரு வேலை கொடுத்தது. ஏழாம் பிளாக் குளிர்கூடத்தின் வாசலில் வருகைப் பதிவு. யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள், வீட்டில் யாரை விட்டுவிட்டு வந்தார்கள். எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

"இந்த நேரத்தையெல்லாம் எதுக்கும்மா எழுதச் சொல்றாங்க?" என்று முதல் நாள் கேட்டாள். வேதவல்லி, "சும்மா, ஒரு கணக்குக்கு" என்றாள்.

அந்த மே மாதம் ஒரு செவ்வெயில் நாள். கூடம் நிரம்பியிருந்தது. பன்னிரண்டு பத்துக்குத் திரையில் சிவப்பு எழுத்து வந்தது: பிளாக்கில் மின்சாரம் இல்லை. புதிதாகக் குடிவந்திருந்த ஆறு சி வீட்டுப் பூங்கோதை தலையை நிமிர்த்தினாள்.

"அப்பா மேல தனியாப் படுத்திருக்காரு. முட்டி வலி, எறங்க முடியல. போய்ப் பார்க்கணுமா பாப்பா?"

பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் இளவேனில் சொன்னாள். "உக்காருங்கக்கா. இப்ப வந்துடும்."

பூங்கோதை உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் யாரோ ஐந்து பி வீட்டுக் கதையை விட்ட இடத்திலிருந்து எடுத்தார்கள்.

வேதவல்லி திரையின் ஓரத்தில் ஈரவெப்ப எண்ணைப் பார்த்தாள். அதே வரி. கதை ஓடிக்கொண்டே இருந்ததில் மணி ஒன்று ஐந்து ஆகியிருந்தது. மூன்று பத்து வரைக்கும்தான். சொல்லலாம். சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கேட்கிறவள் வாசலில் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு நிமிஷம் போயிற்று. அவள் எழுந்து நின்றாள். கூடமே அவள் பக்கம் திரும்பியது. சிலர் சிரித்துக்கொண்டே நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார்கள்.

"என்னக்கா, எழுந்தே நின்னுட்டே? யார் வீட்டுச் சேதி?"

இளவேனில் பேனாவை நிறுத்தி, சிரிப்போடு அம்மாவைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுச் சேதிதான்" என்றாள் வேதவல்லி.