வண்டல் மேல் வளர்ந்த புல்

புல்வெட்டும் மெஷின் நின்ற விதம் பிரபாகரனுக்குப் பிடிக்கவில்லை. பெட்ரோல் தீர்ந்தால் இருமும், பிளக் அடைத்தால் திணறும். இது, பேசிக்கொண்டிருந்தவரின் வாயை யாரோ பொத்தியதுபோல நின்றது. மூன்றாவது தடவை.

உச்சிப்புளியைத் தாண்டி, கடலோரம் எழும்பியிருந்த அந்தப் புது விடுதிக்கு அவன் 'எஸ்டேட் டைரக்டர்'. எஸ்டேட் என்பது ஒரு ஏக்கர் புல்தரை. டைரக்டருக்குக் கீழே வேலை பார்ப்பது பூமயில் ஒருத்திதான், அவளும் அவன் ஊர்க்காரி. நாளைக் காலை அமைச்சர் வந்து திறக்கிறார். பொழுது சாய்வதற்குள் புல் வெட்டி முடியவில்லை என்றால் வேலைக்கு வரவேண்டாம் என்று முதலாளி போனில் சொல்லிவிட்டார்.

"மெக்கானிக்க வரச் சொல்லவா சார்?"

"நான் இஞ்சினியரிங் படிச்சவன், தெரியும்ல?"

"தெரியும் சார். அதான் கேட்டேன்."

கார்பரேட்டரைக் கழற்றித் துடைத்தான். கருவாட்டு வாடையும் உப்புக்காற்றும் வெட்டுண்ட புல்லின் பச்சை வாசமும் கலந்து வந்த அந்தச் சாயங்காலத்தில், எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து இன்னொரு வாடை, கண்மாய்ச் சேற்றை ஆழத் தோண்டினால் வருமே அது, மெதுவாக மேலேறிக்கொண்டிருந்தது.

கடல் மணலில் புல் பிடிக்காது என்று ஊர்க் கண்மாயிலிருந்து எண்பது லாரி வண்டல் கொண்டுவந்தவன் அவன்தான். சகதிக்குள் லாரி இறங்காது என்று டிரைவர்கள் முரண்டு பிடித்ததும் கரையோர மேட்டைக் கைகாட்டியவனும் அவன்தான். பூமயில் தெருக்காரர்கள் செத்தவர்களைப் புதைக்கிற மேடு. கல் கிடையாது, பெயர் கிடையாது. படித்த கண்ணுக்கு வெறும் மண். பிறகு, மேட்டை மழை கரைத்துவிட்டது என்று தெரு ஆட்களைக் கூட்டிச் சொன்னான். பாவம், அவர்கள் மழையைத் திட்டினார்கள்.

கயிற்றை இழுத்தான். ஓடியது. இரண்டெட்டில் நின்றது.

"சுத்திப் போனா ஓடுது சார்."

"அப்பச் சுத்தியே போ. மிச்சத்த அருவாளால அறுத்துக்கிருவோம்."

அவள் மெஷினைத் தள்ளினாள். நின்ற இடங்களையெல்லாம் விலகி விலகித் தள்ளினாள். கடைசியில் அவளே அதை அணைத்துவிட்டு வந்தாள். பிரபாகரன் வாசற்படியேறித் திரும்பிப் பார்த்தான்.

வெட்டாத புல், திட்டுத் திட்டாக. பதினொன்று. ஒவ்வொன்றும் ஓர் ஆள் நீளம். இரண்டு மட்டும் குட்டை. எல்லாம் தெற்கு வடக்காக, ஒரே வரிசையில்.

எண்பது லாரியில் ஏற்றிய மண். ஜேசிபி கலைத்துப் பரப்பிய மண். ஆனாலும் வரிசை தப்பவில்லை.

"அந்தா, முதல்ல கெடக்குறது எங்கய்யா," என்றாள் பூமயில். குரல் உயரவில்லை. "அங்கிட்டு ஈஸ்வரி. ஒட்டினாப்புல அவ புள்ள. மேட்டுல கெடந்த மாதிரியே கெடக்காக."

"அறுத்துத் தள்ளு."

"மழைன்னு சொன்னீக."

"அறுன்னா அறு."

"நீங்களே அறுங்க."

அருவாளைப் படியில் வைத்துவிட்டு, கேட்டைத் திறந்து போய்விட்டாள்.

இஞ்சினியர் அருவாளை எடுத்தான். வரிசையின் கடைசிக்குப் போனான். குனிந்தான். ஒரு பிடி புல்லைப் பற்றினான்.

வெதுவெதுப்பாக இருந்தது.

கையை எடுத்தான். நிமிர்ந்தான். காற்று நின்றிருந்தது. கடல் சத்தமும் இல்லை. புல் மட்டும் எங்கோ சரசரத்தது.

பக்கத்தில். இல்லை. கீழே.

பூமயில் மட்டமாக வெட்டிவிட்டுப் போன தரையில்தான் நின்றிருந்தான். அங்கே, அவன் கால்களைச் சுற்றி, அவன் அகலத்துக்கு, அவன் நீளத்துக்கு, பன்னிரண்டாவதாகப் புல் உயர்ந்துகொண்டிருந்தது.