துடிக்காத நெஞ்சுக்கு ஒரு பட்டை

கிருத்திக்கின் இதயம் துடிப்பதை நிறுத்தி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அன்று காலையும் வழக்கம்போல் பல் துலக்கி, வெந்நீர் குடித்து, காலணியை மாட்டிக்கொண்டு நடைப்பயிற்சிக்குக் கிளம்பினார்.

கோயமுத்தூரில் அந்தக் காலத்தில் ஐம்பது தாண்டியும் துடிக்கிற இதயத்தோடு இருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பழையதை எடுத்துவிட்டுச் சுழலிதயம் பொருத்திக்கொள்வது, முந்தைய தலைமுறை கண்ணில் புரை எடுத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போன மூன்றாம் நாளே வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்பிடலாம். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு குப்பி, அதற்குள் எதன் மேலும் படாமல் காந்தத்தில் மிதக்கும் ஒரு சின்ன விசிறி, அவ்வளவுதான் சங்கதி. அது இரவும் பகலும் சுற்றி ரத்தத்தை ஒரே சீராகத் தள்ளிக்கொண்டிருக்கும். படியேறினால் தானாகவே தெரிந்துகொண்டு கொஞ்சம் வேகம் கூட்டும். லப்பும் கிடையாது, டப்பும் கிடையாது. மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தால் ஒன்றும் தட்டாது. கிணற்றுக்கும் ஆழ்குழாய்க்கும் தலைமுறை தலைமுறையாக மோட்டார் செய்த ஊர், கடைசியில் நெஞ்சுக்கும் ஒன்று செய்துகொடுத்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

அப்புறம் எதற்கய்யா நடைப்பயிற்சி என்று கேட்டால், டாக்டர் சொன்னார் என்பார்கள். கால் இன்னும் பழைய கால்தானே.

வெயிலுக்குப் பயந்து நொய்யல் ஆற்றின் மேலே நீளமாக ஒரு கண்ணாடிக் குழாய் கட்டியிருந்தார்கள். உள்ளே குளிரூட்டி வைத்திருப்பார்கள். பெயர் குளிர்நடை. கிருத்திக்கும் அவருடைய சிநேகிதர் மிதுலனும் இன்னும் நாலைந்து பெரியவர்களும் தினமும் அதில்தான் நடந்தார்கள். சமீப காலமாக அந்தக் கூட்டத்தில் ஒரு புது வியாதி பரவியிருந்தது. கிருத்திக்கைத் தவிர எல்லார் மணிக்கட்டிலும், நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று எண் காட்டும் ஒரு துடிப்புப்பட்டை ஏறியிருந்தது. நடந்து முடித்ததும் கையைத் தூக்கிப் பார்த்து, "எனக்கு இன்னைக்கு நூத்தி முப்பத்தொண்ணு. உங்களுக்கு?" என்று விசாரித்துக்கொள்வார்கள்.

"மாப்ள, நீ எப்பத்தான் வாங்கப்போற?" என்றார் மிதுலன்.

"எனக்கெதுக்குங்க அது? நம்ம நெஞ்சுலதான் துடிப்பே இல்லையே."

மிதுலன் திரும்பினார். பாவம் என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு, பட்டையைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பார்வை கிருத்திக்கின் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. மிதுலனுக்கு ஆபரேஷன் நடந்து நாலு வருடம்தான் ஆகிறது. அதுவும் பெரிய ஆஸ்பத்திரியில். ஒருவேளை புது மாடலெல்லாம் துடிக்குமோ? தன்னுடையதுதான் பழைய சரக்கோ?

இந்தச் சந்தேகம் அவரோடு நின்றிருந்தால் ஒரு வாரத்தில் ஆறிப்போயிருக்கும். ஆனால் அது வீட்டுக்கும் வந்தது.

கிருத்திக்கின் மனைவி தன்ஷிகா, அந்தத் தெருவிலேயே ஐம்பது தாண்டியும் துடிக்கிற இதயத்தோடு மிஞ்சியிருந்த ஒரே பெண்மணி. அந்த இதயமும் நல்ல நிலையில் இல்லை. வீங்கிக்கிடந்தது. நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. தீபாவளிக்குள் மாற்றியே ஆகவேண்டும், தள்ளிப்போட்டால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். தன்ஷிகா மாட்டேன் என்றால் மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். கத்திக்குப் பயந்த பெண் இல்லை அவள். அவளுடைய பயம் வேறு. அதற்குக் காரணமான ஆசாமி எதிரிலேயே உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களப் பாத்துத்தானுங்க பயமா இருக்குது," என்பாள். "மாத்துனதுக்கப்புறம் நீங்க ஆளே மாறிட்டீங்க. புள்ளயக் கட்டிக்குடுத்து அனுப்பறப்போ ஒரு சொட்டுக் கண்ணீர் வந்துச்சா? நெஞ்சுல காது வெச்சா தோட்டத்து மோட்டார் ஓடற மாதிரி இருக்குது. எனக்கும் அப்படி ஆயிருச்சுன்னா, அப்புறம் இருந்துதான் என்ன பிரயோசனம்?"

உண்மையைச் சொல்வதென்றால், கிருத்திக் துடிக்கிற இதயத்தோடு இருந்தபோதும் அழுத ஆள் இல்லை. கல்யாணத்தன்று மணமேடையில்கூட பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரிதான் உட்கார்ந்திருந்தார். என்ன, அப்போது பழியைப் போட மோட்டார் ஒன்றும் இல்லை.

இந்த நேரத்தில்தான் மிதுலன் ஏதோ வேலையாக வீட்டுக்கு வந்தார். காபியை வாங்கக் கை நீட்டியபோது பட்டையில் எண் ஓடிக்கொண்டிருப்பதைத் தன்ஷிகா பார்த்துவிட்டாள். அவர் போகிறவரை பொறுத்திருந்தாள்.

"ஏனுங்க, அவருக்கும் மாத்துனதுதானே? அவருக்கு மட்டும் எப்படிங்க துடிக்குது?"

"அது வந்து... புது மாடலா இருக்கும்."

"மாடலெல்லாம் கெடக்குது. அவுரு பேசறப்போ மொகத்துல ஒரு சிரிப்பு இருக்குது, துடிப்பும் இருக்குது. நீங்களும் ஒண்ணு வாங்கிக் கட்டிக் காட்டுங்க. துடிச்சுதுன்னா நாளைக்கே வந்து நான் மாத்திக்கறேன். துடிக்கலீன்னா என்னைய உட்டுருங்க. இருக்கற வரைக்கும் இதோடவே இருந்துட்டுப் போறேன்."

சொன்னால் சொன்னதுதான். கிருத்திக் கணக்குப் போட்டுப் பார்த்தார். பட்டையை வாங்கிக் கட்டுவார். அது சைபர் காட்டும். மனைவி செத்துப்போவாள். இதுதான் அவருக்குத் தெரிந்த கணக்கு. அதனால் வாங்காமல் இருக்க என்னென்ன வழி உண்டோ அத்தனையும் பார்த்தார். பட்டை கட்டினால் தோல் அரிக்கும் என்றார். கடையில் சரக்கு இல்லை என்றார். நல்ல மாடல் அடுத்த மாதம்தான் வருகிறது என்றார். தன்ஷிகா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஒருநாள் காலை மாவு எடுக்கக் குனிந்தவள் எழுந்திருக்க முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டு, கொஞ்சம் தெளிந்ததும் கிருத்திக் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எது ஆனாலும் ஆகட்டும்.

காந்திபுரத்தில் ஒரு சின்னக் கடை. ஷெரின் என்ற பெண்மணி கல்லாவில் இருந்தார். கிருத்திக் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒரு சந்தேகம்மா. இந்தப் பட்டை... நம்ம இதயம் பழைய மாடலா இருந்தா சைபர் காட்டுமா?"

ஷெரின் சிரிக்கவில்லை. தினமும் கேட்கிற கேள்வி போலிருக்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க சார். எந்த மாடலும் துடிக்காது."

"அப்புறம் மிதுலனுக்கு நூத்தி முப்பத்தொண்ணு காட்டுதே?"

"உங்க வயசு, நடக்கற வேகம், இதையெல்லாம் வெச்சு அதுவே ஒரு எண்ணப் போட்டுக்கும். கொஞ்சம் ஏத்தி எறக்கிக் காட்டும், நிஜம் மாதிரி இருக்கணுமில்லீங்களா. மொதல்ல உண்மையச் சொல்ற பட்டைதான் சார் வந்துச்சு. கட்டுனா சைபர்னு காட்டும். ரெண்டு பேர் வாங்குனாங்க. ரெண்டு பேருமே திருப்பிக் குடுத்துட்டாங்க. நடந்ததுக்கு ஒரு எண்ணு வேணும் சார் ஜனங்களுக்கு. எண்ணு இல்லீன்னா நடந்த மாதிரியே இருக்கறதில்ல."

"மிதுலனுக்கு இது தெரியுமா?"

"உங்க கூட நடக்கறவங்க எல்லாருமே இங்கதான் வாங்குனாங்க. நீங்க கேட்டதையேதான் அவங்களும் கேட்டாங்க."

கிருத்திக் யோசித்துப் பார்த்தார். அத்தனை பேருக்கும் தெரிந்தே, தினமும் காலையில் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். சிரிப்பு வந்தது. அதைவிட அதிகமாக நிம்மதி வந்தது. அப்பாடா, சைபர் வராது.

"வீட்டுல உக்காந்திருக்கறப்போ என்ன காட்டும்?"

"எழுபத்தி ரெண்டு, எழுபத்தி மூணு. அதுல இல்லற வசதின்னு ஒண்ணு இருக்குதுங்க. வீட்டம்மா குரலப் பதிஞ்சு வெச்சுட்டீங்கன்னா, அவங்க பேசறப்போ எண்ணு கூடும். அழுவாச்சியா, கோவமா ஏதாச்சும் சொன்னாங்கன்னா இன்னும் கூடும். ரொம்ப நல்லாப் போகுது சார் அது."

தன்ஷிகாவின் குரலுக்குக் குறைவில்லை. கிருத்திக்கின் கைபேசியில் அவள் திட்டி அனுப்பிய குரல்செய்திகள் நிறைய இருந்தன. அதில் ஒன்றை எடுத்து ஷெரின் அங்கேயே பதிந்துகொடுத்தார்.

வீட்டுக்குப் போனதும் தன்ஷிகா பட்டையைத் தானே வாங்கி அவர் கையில் கட்டினாள். எழுபத்திரண்டு. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். சந்தேகம் தீராமல் நெஞ்சில் காதை வைத்தாள். மோட்டார்தான் ஓடியது. கையைப் பார்த்தாள். எழுபத்தி ஆறு.

"உள்ளுக்குள்ள எங்கியோ துடிக்குதுங்க. என்ற காதுக்குத்தான் எட்டமாட்டீங்குது," என்றாள். பிறகு பட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகக் கேட்டாள். "ஏனுங்க, நான் செத்துப்போயிட்டேன்னா என்ன பண்ணுவீங்க?"

எண் விறுவிறுவென்று ஏறி நூற்றுப் பதினெட்டில் போய் நின்றது. தன்ஷிகா தேம்பித் தேம்பி அழுதாள். இத்தனை வருஷம் தெரியாம இருந்துட்டேனே என்றாள். நாளைக்கே டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள் என்றாள்.

அந்தக் கேள்விக்குக் கிருத்திக் ஏதோ பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தார். கண்ணில் நீர் முட்டி, கன்னத்தில் இறங்கி, சட்டைக் காலரில் விழுந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுத்தபோது வராதது இப்போது வந்தது. தன்ஷிகா அதைப் பார்க்கவில்லை. அவள் அவருடைய மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னால் ஆபரேஷன் கிடையாது. கிருத்திக் வாயை மூடிக்கொண்டார். வாயை மூடிக்கொண்டிருந்ததற்காக அந்த வீட்டில் அவர் திட்டு வாங்காத முதல் சந்தர்ப்பம் அதுவாகத்தான் இருக்கும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் கைமீறிப் போயிருக்கும் என்று டாக்டர் வெளியே வந்து சொன்னபோது, கிருத்திக் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து நீளமாக ஒரு மூச்சு விட்டார். மூன்றாம் நாள் தன்ஷிகா வீட்டுக்கு வந்தாள். படியேறும்போது சுவரைத் தொடவே இல்லை. உதட்டில் சிவப்பு திரும்பியிருந்தது. சமையலறையிலிருந்து பழையபடி அதட்டல் கேட்டது. அதைக் கேட்கக் கேட்க கிருத்திக்குக்கு ஆறுதலாக இருந்தது. இனி பயமில்லை. பிழைத்துக்கொண்டாள்.

அவளும் ஒரு பட்டை கேட்டாள். வாங்கிக்கொடுத்தார். நெஞ்சில் கையை வைத்துப் பார்த்து, "ஒண்ணும் தட்டமாட்டீங்குதே," என்றாள். பட்டையைப் பார்த்தாள். எழுபது. சமாதானமாகிவிட்டாள். கை பொய் சொல்லலாம், பட்டை சொல்லுமா?

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் கிருத்திக்கின் கண் சும்மா இருக்கவில்லை.

ஒருநாள் குளிர்நடையில் மின்சாரம் நின்றுபோய், கதவு திறக்காமல் எல்லாரையும் ரொம்ப நேரம் உள்ளேயே அடைத்துவைத்துவிட்டது. கைபேசியும் வேலை செய்யவில்லை. வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்தால், தன்ஷிகா தலைமுடியைக்கூட அள்ளிக் கட்டாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளேயிருந்து தோசை கருகும் வாசம் வந்தது. ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க போயிட்டீங்க? எனக்கு உசுரே இல்லீங்க. ஊட்டுக்கும் வாசலுக்கும் எத்தன நடை நடந்திருப்பேன். அடுப்புல தோசை போட்டதே மறந்துபோச்சு."

கிருத்திக் குனிந்து அவள் மணிக்கட்டைப் பார்த்தார். எழுபது.

"தன்ஷி, நான் வந்துட்டேன்," என்றார். எழுபத்தொன்று. மறுபடி எழுபது.

அவருக்கு மனசு விட்டுப்போய்விட்டது. அது வெறும் கணக்கு என்று அவருக்குத் தெரியும். ஷெரின் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கிறது. இருந்தாலும் எழுபது என்றால் என்ன அர்த்தம்? தோசை சரியாக வேகவில்லை என்றார். காபியில் சர்க்கரை இல்லை என்றார். ரெண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

"என்ன கோளாறு உங்களுக்கு?" என்றாள் தன்ஷிகா.

"ஒண்ணுமில்ல."

மூன்றாம் நாள்தான் பொறி தட்டியது. அவளுடைய பட்டையில் இல்லற வசதியைப் போடவே இல்லை. யாருடைய குரலையும் பதியவில்லை. அட, அதுதானா. அவள் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போன நேரம் பார்த்து, கிருத்திக் அதை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "தன்ஷி, நான் வந்துட்டேன்," என்று சொல்லிப் பதிந்தார். குரல் சரியாக விழவில்லையோ என்று இன்னொரு தடவையும் சொன்னார்.

மறுநாள் நடந்துவிட்டு வந்தபோது தன்ஷிகா ஊஞ்சலில் உட்கார்ந்து தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு சுவாரசியமான கட்டத்தில் இருந்தது போலும்.

"தன்ஷி, நான் வந்துட்டேன்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "காபி பிளாஸ்க்குல இருக்குது, ஊத்திக் குடிச்சுக்குங்க," என்று சமையலறைப் பக்கம் கையை ஆட்டிவிட்டு, "அப்புறம் சொல்லுடி, அந்தப் பொண்ணு என்ன சொன்னா?" என்றாள்.

ஆட்டிய கையில் நூற்றுப் பன்னிரண்டு ஓடிக்கொண்டிருந்தது.

கிருத்திக்குக்கு அத்தனை நாள் பாரமும் சட்டென்று இறங்கிவிட்டது. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் தன் குரலைக் கேட்டால் அவளுக்கு இப்படிப் படபடக்கிறதே என்று நினைத்துக்கொண்டே பிளாஸ்க்கைத் திறந்தார்.