பொட்டு வைத்த பற்றரிகள்

கதவைத் திறந்ததும் முதலில் வந்தது புகை.

பிறகு நாற்றம்... உருகிய பிளாஸ்டிக்கும் கருகிய கம்பியும் கலந்த நாற்றம்!

தாதி றஞ்சனி கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

கண்டெயினரின் தரையில் காவலாளி ஐயாத்துரை பிணமாகக் கிடந்தார். அறுபது வயது. விரல் நகங்கள் உடைந்து இரத்தம் கட்டியிருந்தன.

கதவைப் பிறாண்டியிருக்கிறார்!

நெடுந்தீவு ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த வெளியில் அந்தக் கண்டெயினரைக் கொண்டுவந்து இறக்கி ஆறு மாதம்தான். கூரையில் சோலர் தகடுகள். உள்ளே பன்னிரண்டு பற்றரிகள். பகல் வெயிலைச் சேமித்து, இரவு முழுவதும் இன்சுலின் பெட்டியைக் குளிராக வைத்திருப்பது அவைதான்.

மாலை நாலு மணிக்குப் பெட்டி நின்றுவிட்டது. அதைப் பார்க்கத்தான் றஞ்சனி வந்தாள்.

"கதவுக் கொண்டி வெளியால போட்டிருந்தது சேர்," என்றாள், ஓடி வந்த பொலிஸ் சாஜன் செல்வரத்தினத்திடம்.

மறுநாள் முதல் படகிலேயே பிரதாபன் வந்து இறங்கினார். கண்டெயினரைக் கொண்டுவந்து பூட்டிய ஒப்பந்தக்காரர். கடலுக்கு அந்தப் பக்கம், புளியங்கூடல்காரர். நெற்றி நிறையத் திருநீறு, கையில் மலர்வளையம்.

கண்டெயினருக்குள் போய் மூன்று நிமிடத்தில் வெளியே வந்தார். விரல் நுனியில் ஒரு சுருட்டுத் துண்டு.

"இதைப் பாருங்கோ சேர். பற்றரிக்குப் பக்கத்தில இருந்து சுருட்டுப் பத்தியிருக்கிறார் மனுசன். பத்தாமல் விடுமோ?"

"வெளிக்கொண்டி?"

"காத்துக்கு விழுந்திருக்கும்."

"எங்கடை நெடுந்தீவுக் காத்துக்குக் கொண்டி போடவும் தெரியுமோ... நல்ல காத்து," என்றார் சாஜன்.

ஆனால் கதை அதற்குள் ஊருக்குள் போய்விட்டது. செத்தவீட்டுப் பந்தலிலேயே இரண்டு பேர் குசுகுசுத்தார்கள். தீவுக்கு வந்த ஒரேயொரு நல்ல பொருளையும் ஐயாத்துரை கொளுத்திப்போட்டாராம்!

ஐயாத்துரையின் மனைவி அம்பிகை அதைக் கேட்டபடிதான் இருந்தாள். யாழ்ப்பாணத்துக்குப் பரிசோதனைக்குப் போன உடல் இன்னும் வரவில்லை. கெட்ட பேர் மட்டும் வந்துவிட்டது.

"போனவர் போயிட்டார் சேர்," என்றாள். "ஆஸ்பத்திரிக்குக் கொள்ளி வைச்சவர் எண்ட பேரோட அவரை அனுப்பாதேங்கோ."

"சுருட்டுப் பத்திறவரோ அக்கா?"

"அவருக்குத் தொய்வு. ஊதுபத்திப் புகைக்கே இருமுவார். கண்டெயினர் வந்த வெள்ளிக்கிழமை பூசை செய்யேக்கையும் கற்பூரம் கொளுத்தேல்லை. பன்னிரண்டு பற்றரிக்கும் சந்தனமும் குங்குமமும் வைச்சுக் கும்பிட்டிட்டு வந்தவர்."

செல்வரத்தினம் சட்டென்று எழுந்தார்.

திரும்பவும் கண்டெயினர். திரும்பவும் அந்த நாற்றம்.

ஐந்து பற்றரிகள் கரிக்கட்டை. மற்ற ஏழும் செத்த மாட்டின் வயிறு போல ஊதியிருந்தன. அந்த ஏழிலும் பொட்டு இல்லை. பொட்டு இருந்த தடமும் இல்லை!

ஒன்றின் பளபளப்பான ஒட்டுத்தாளை நகத்தால் சுரண்டினார். அடியில் இன்னொரு ஒட்டுத்தாள்... எட்டு வருடப் பழசு.

எங்கோ தொலைபேசிக் கோபுரத்தில் உழைத்து ஓய்ந்து, குப்பைக்குப் போகவேண்டிய பற்றரிகள். வெயிலில் சூடேறும், சாமத்துக்கு முன்னமே சக்தி தீர்ந்துவிடும். இதை நம்பித்தான் எட்டு நோயாளிகளின் இன்சுலின்!

பிரதாபன் தலையில் கை வைத்தார். கொழும்பில் விற்றவன் தன்னையும் ஏமாற்றிவிட்டானாம். வாங்கிய பற்றுச்சீட்டு வீட்டில் இருக்கிறதாம்.

"அப்ப வாரும், வீட்டை போய்ப் பார்ப்பம்," என்றார் சாஜன், மிக மரியாதையாக.

புளியங்கூடலில் பிரதாபனின் வீடு பெரிது. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் தங்க ஐந்து அறைகள். அன்று ஊரெல்லாம் கறண்ட் இல்லை.

ஆனால் அறைகள் ஐந்தும் குளிர்ந்துகொண்டிருந்தன!

பிரதாபன் பற்றுச்சீட்டைத் தேட, செல்வரத்தினம் சுவரோடு ஓடிய தடித்த வயரின் பின்னால் நடந்தார். வயர் சாமியறைக்குப் பின்னால் போய் நின்றது.

பன்னிரண்டு பற்றரிகள்.

ஒவ்வொன்றிலும் காய்ந்த சந்தனம்... நடுவில் குங்குமம்... மேலே அன்று பறித்த செவ்வரத்தம்பூ!

அதன் பிறகு பிரதாபன் எல்லாவற்றையும் சொன்னார். போன மாதம் 'சோதிக்க' என்று புதியவற்றை எடுத்துப்போய், பழையதைக் கொண்டுவந்து பூட்டியது. பொட்டைக் காணாமல் ஐயாத்துரை தொலைபேசியில் கூப்பிட்டது.

"என்ன சொன்னவர்?"

பிரதாபன் நிலத்தைப் பார்த்தார். "பிழை ஆருக்கும் வரும் தம்பி, நீரே கொண்டுவந்து வைச்சிடும், நான் ஒருத்தருக்கும் சொல்லன் எண்டவர்."

அவ்வளவு நல்ல வார்த்தை. அதற்கு இந்த மனிதன் கொடுத்த பதில் என்ன?

உச்சி வெயிலில் வந்தான். வயரைப் பாருங்கள் அண்ணை என்று கிழவரை உள்ளே அனுப்பினான். பற்றரிகளின் சூடு தணிக்கும் காற்றாடியை நிறுத்தினான். கொண்டியைப் போட்டான். இரண்டரை மணிப் படகில் ஏறி, இறங்குதுறையில் வாங்கிய இரண்டு றோல்ஸையும் தின்றான். மறுநாள் மலர்வளையத்தோடு சுருட்டுத் துண்டையும் கொண்டுவந்தான்.

செல்வரத்தினம் ஒரு பற்றரியின் பொட்டைச் சுட்டிக் காட்டினார்.

"ஒட்டுத்தாளெல்லாம் மாத்தத் தெரிஞ்சனீர். இந்தப் பொட்டை ஏன் அழிக்கேல்லை?"

பிரதாபன் அதிர்ந்துபோய் நிமிர்ந்தார்.

"வெள்ளிக்கிழமை பூசையில வைச்ச பொட்டு சேர்... அழிச்சால் பாவமெல்லோ!"

சாஜன் கைவிலங்கை எடுத்தார்.

"பற்றரியின்ரை பொட்டுக்குப் பயந்தனீர். அம்பிகையின்ரை பொட்டை அழிக்கேக்கை அந்தச் சாமி எங்க போனது?"

மாலைப் படகில் பற்றரிகளும் பிரதாபனும் ஒன்றாகவே நெடுந்தீவுக்கு வந்தார்கள். சான்றுப்பொருளைக் குளிரான, பாதுகாப்பான இடத்தில் வைக்கவேண்டும் என்று சாஜன் புத்தகத்தில் எழுதினார். ஆஸ்பத்திரி அறையில் வைத்தார். சும்மா வைப்பானேன்? மின்வேலைக்காரர் ஒருவர் வந்து இணைத்தும் விட்டார்.

இன்சுலின் பெட்டி உறுமத் தொடங்கியது.

காய்ந்துபோன பொட்டுகளின் மேல் புதுப் பொட்டு வைக்கச் சொல்லி, றஞ்சனி சந்தனக் கிண்ணத்தோடு அம்பிகையிடம் போனாள். அம்பிகை கையை இழுத்துக்கொண்டாள். இனித் தான் வைக்கக்கூடாது என்றாள்.

"அவர் தொடங்கின வேலை அக்கா. நீங்கள்தான் முடிக்கவேணும்," என்று றஞ்சனி அந்த விரலைப் பிடித்துச் சந்தனத்தில் தோய்த்தாள். பந்தலில் குசுகுசுத்த இருவரும் தலை குனிந்து நின்றார்கள்.

பொலிஸ் கூண்டுக்குள் பிரதாபனுக்கு வியர்த்து ஊற்றியது. மேலே சுழன்ற காற்றாடி மெல்ல... மெல்ல... நின்றது.

"சேர், காத்தாடி நிண்டிட்டுது. மூச்சு முட்டுது!"

செல்வரத்தினம் கதிரையை வாசல் காற்றுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கருகாமல் மிஞ்சின பழசில ரெண்டைத்தான் தம்பி அதுக்குப் பூட்டினனான். வித்த ஆள் நீர்தானே... எத்தினை வருச உத்தரவாதம் எண்டு நீரே சொல்லும்!"